மூன்றடுக்கை இணைக்கும் நூல்

நுழையும்முன்

உழைப்பு என்றவுடன் வயலும் ஆலையும் அலுவலகமும் நினைவுக்கு வருகின்றன. வீட்டின் ஓர் அறைக்குள் நடைபெறும் உழைப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வட அமெரிக்காவின் பனிக்காலத்தில், வீட்டிலிருந்தவாறே பிறருக்காகப் போர்வை தைக்கும் பெண் ஒருவரின் நாளை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு கைத்தொழிலின் நுட்பத்தையும் வரலாற்றையும் கூறுவதோடு, வீட்டுக்குள் செய்யப்படும் வேலைக்கு உரிய மதிப்பு யாது என்னும் வினாவையும் அது முன்வைக்கிறது.

நிலமும் காலமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது அயோவா மாநிலம். மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் சமவெளி அது. கோடையில் கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பசுமை போர்த்திருக்கும் அந்நிலம், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். ஜனவரித் தொடக்கத்தில் காலை ஏழரை மணிக்குப் பின்னரே கதிரவன் எழும். மாலை ஐந்து மணிக்குள் மறைந்துவிடும். வெப்பநிலை பல நாள்கள் உறைநிலைக்குக் கீழேயே நிற்கும். சில இரவுகளில் அது சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரி செல்சியசு வரையும் இறங்குவதுண்டு.

வயல்வேலை ஓய்ந்திருக்கும் இப்பருவத்தில் வீட்டுக்குள் ஊசி வேலை தொடங்குகிறது. கத்தரித்த துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பது அந்நாட்டுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். துண்டுகளை இணைப்பதைப் பலரும் தம் வீட்டிலேயே செய்துகொள்வர். ஆனால், அதன்பின் வரும் கடினமான தையலுக்குப் பெரிய எந்திரம் வேண்டும். அவ்வெந்திரத்தைத் தம் வீட்டிலேயே நிறுவி, பிறர் கொண்டுவரும் போர்வைகளைக் கூலிக்குத் தைத்துத் தரும் கலைஞர்கள் சிற்றூர்களிலும் இருக்கின்றனர். ஆடவர் சிலரும் இத்தொழிலில் உண்டு. எனினும், பெரும்பான்மையோர் பெண்களே.

போர்வையின் அமைப்பு

ஆங்கிலத்தில் 'குயில்ட்' எனப்படும் இப்போர்வையை 'ஒட்டுப்போர்வை' எனலாம். இது மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே இருப்பது முகத்துணி. சதுரம், முக்கோணம், பட்டை எனப் பல வடிவங்களில் வெட்டிய வண்ணத் துண்டுகளை இணைத்து இது உருவாக்கப்படுகிறது. கீழே இருப்பது அடித்துணி. இவ்விரண்டுக்கும் நடுவே பஞ்சு விரிப்பு அமைகிறது. பருத்தி, கம்பளி, பாலியெஸ்டர் ஆகியவற்றில் ஒன்றாலோ அவற்றின் கலவையாலோ பஞ்சு விரிப்பு செய்யப்படுகிறது. அவ்விரிப்பினுள் தங்கும் காற்றே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது.

மூன்று அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மட்டும் போர்வை ஆகிவிடாது. பயன்படுத்தும்போது துணி நழுவும். துவைக்கும்போது பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டுகொள்ளும். ஆகையால், மூன்றையும் ஊடுருவிச் செல்லுமாறு போர்வை முழுவதும் நெருக்கமாகத் தைக்க வேண்டும். இதுவே அடுக்குத் தையல். அடுக்குகளைப் பிணைக்கும் இத்தையலே போர்வையின் மேற்பரப்பில் கொடியாகவும் இறகாகவும் அலையாகவும் அழகு சேர்க்கிறது. எனவே, ஓர் ஒட்டுப்போர்வையில் இருவகைக் கைத்திறன்கள் உள்ளன. ஒன்று, முகத்துணியை உருவாக்கும் ஒட்டுவேலை. மற்றொன்று, அடுக்குகளை இணைக்கும் தையல் வேலை. இரண்டையும் ஒருவரே செய்வதும் உண்டு. இருவர் செய்வதும் உண்டு.

கூட்டுத்தையலும் எந்திரமும்

எந்திரம் வருவதற்கு முன்னர் அடுக்குத் தையல் முழுவதும் கையாலேயே செய்யப்பட்டது. மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, அதன் நாற்புறமும் பெண்கள் அமர்ந்து தைத்தனர். அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடிச் செய்த இக்கூட்டுத்தையல் வேலையாகவும் விழாவாகவும் இருந்தது. ஊர்ச்செய்தி பரிமாறவும், துயரம் பகிரவும், இளையோர்க்குத் தையல் கற்பிக்கவும் அச்சட்டமே களமாயிற்று. தனித்தனிப் பண்ணைகளில் தொலைவில் வாழ்ந்த பெண்களுக்கு அது அரிய வாய்ப்பு.

எலியாஸ் ஓவ் என்பவர் 1846ஆம் ஆண்டிலும் ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் துண்டுகளை இணைக்கும் வேலை விரைவடைந்தது. ஆயினும், அடுக்குத் தையலுக்கு வீட்டு எந்திரம் வசதியாக அமையவில்லை. ஊசிக்கும் எந்திரத்தின் தூணுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில் ஒரு கட்டில் போர்வையின் பாதியைச் சுருட்டித் திணித்துத் தைப்பது பெரும்பாடு. அவ்விடைவெளியை நீட்டி, எந்திரத்தையே நகரச் செய்யும் அமைப்பு 1980களில் வீட்டுத் தொழிலுக்கு ஏற்ற வடிவில் பரவத் தொடங்கியது. கை போன்று நீண்ட அதன் மேற்பகுதி காரணமாக அதனை 'நீள்கை எந்திரம்' எனலாம்.

எந்திரத்தால் தைத்ததைக் கலை என ஏற்கலாமா என்னும் வாதம் நெடுங்காலம் நிலவியது. கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா நகரில் 1989ஆம் ஆண்டு நடைபெற்ற அமெரிக்க ஒட்டுப்போர்வைக் கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்னும் கலைஞர் எந்திரத்தால் தைத்த போர்வை முதன்மைப் பரிசைப் பெற்றது. கைத்தையலுக்கே உரியதெனக் கருதப்பட்ட அப்பரிசு எந்திரத் தையலுக்குக் கிடைத்தமை பலரை வியக்கவும் சிலரை வருந்தவும் செய்தது. கருவி எதுவாயினும் அதை இயக்கும் கண்ணும் கையும் மனிதருடையனவே என்னும் கருத்து மெல்ல வலுப்பெற்றது.

காலைப் பொழுது

வீட்டில் தொழில் செய்யும் தையற்கலைஞரின் பனிக்கால நாள் ஊசியோடு தொடங்குவதில்லை. பனியை அள்ளும் மண்வாரியோடு தொடங்குகிறது. இரவில் பொழிந்த பனி வாசலையும் வண்டிப் பாதையையும் மூடியிருக்கும். போர்வை கொடுக்க வருபவர் வழுக்கி விழாதிருக்க அதனை அகற்றியாக வேண்டும். பின்னர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை. பனி மிகுந்த நாளில் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டால், அன்றைய தையல் நேரத்தில் பாதி கரைந்துவிடும். கடை வேறு, வீடு வேறு என்னும் பிரிவு இல்லாத தொழிலில் இரண்டின் கடமைகளும் ஒரே கடிகாரத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

எந்திரத்தைத் தாங்கும் சட்டகம் 10 முதல் 14 அடி வரை நீளமுடையது. அதற்கு இடம் தரும் அறை பெரும்பாலும் வீட்டின் நிலத்தடித் தளத்திலேயே அமைகிறது. காங்கிரீட் தரை குளிர்ச்சியை நெடுநேரம் தேக்கி வைத்திருக்கும். குளிரில் எண்ணெய் கெட்டிப்படும், விரல்கள் விறைக்கும். எனவே, அறை வெதுவெதுப்பாகும் வரை எந்திரத்தை விரைவாக இயக்குவதில்லை. அந்நேரத்தில், பாபின் அமரும் பகுதியில் சேர்ந்துள்ள பஞ்சுத்தூசைத் தூரிகையால் நீக்கி, ஒரு சொட்டு எண்ணெய் இடுவர். மழுங்கிய ஊசியை மாற்றுவர். அன்றைக்குத் தேவையான பாபின்களில் நூல் சுற்றி வைப்பர்.

அறையைச் சூடாக்குவதாலும் ஓர் இடையூறு விளைகிறது. குளிர்காற்றில் ஈரப்பதம் குறைவு. அதனைச் சூடாக்கும்போது அதன் வறட்சி மேலும் கூடுகிறது. வறண்ட காற்றில் துணிகள் உராயும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. பஞ்சு விரிப்பு கையோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டிய நூல்துணுக்குகள் முகத்துணியில் பற்றிக்கொள்ளும். வெளிர்நிறத் துணியின் அடியில் கருநூல் துணுக்கு ஒன்று சிக்கிவிட்டால், தைத்து முடித்த பின்னர் அது நிழலாகத் தெரியும், எடுக்கவும் இயலாது. இதனைத் தடுக்க அறையில் ஈரப்பதமூட்டி ஒன்றை இயக்கி வைப்பர். விரிக்கும் ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பர்.

எந்திரம் இயங்கும் முறை

சட்டகத்தில் நீண்ட உருளைகள் உள்ளன. அவற்றில் நிலையாகப் பொருத்திய பருமனான துணிப்பட்டைகளில், அடித்துணியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் குண்டூசிகளால் இணைக்கப்படுகின்றன. அடித்துணி முகத்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ நான்கு அங்குலம் மிகுதியாக இருக்க வேண்டும். அதன்மேல் பஞ்சு விரிப்பையும் முகத்துணியையும் பரப்பி, மேல்விளிம்பை நேராகத் தைத்து நிறுத்துவர். தொடக்கத்தில் கால் அங்குலம் சாய்ந்தாலும் போர்வை முடியும் இடத்தில் அச்சாய்வு பெருகித் தெரியும்.

சாதாரணத் தையல் எந்திரத்தில் எந்திரம் நிலையாக நிற்க, துணி நகரும். நீள்கை எந்திரத்திலோ துணி நிலையாக இருக்க, எந்திரம் நகரும். சக்கரங்களின் துணையால் அது சட்டகத்தின்மீது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எளிதாகச் செல்லும். கலைஞர் நின்றவாறே இரு கைப்பிடிகளையும் பற்றி, எழுதுகோலால் வரைவதுபோல் ஊசியைக் கொண்டு வரைகிறார். ஓவியத்தில் தாள் அசையாது, கோல் அசையும், அத்தகையதே இம்முறையும்.

கை விரைந்தால் தையல் நீளும். தயங்கினால் தையல் நெருங்கும். இவ்வேறுபாட்டைச் சமன்செய்யத் தையல் சீராக்கி என்னும் கருவி உதவுகிறது. எந்திரம் நகரும் வேகத்தை உணரிகள் அளந்து, அதற்கேற்ப ஊசியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று அமைத்தால், கையின் வேகம் மாறினாலும் அவ்வளவு மாறாது. ஒரே கோலத்தைப் போர்வை முழுவதும் தைக்க வேண்டுமெனில், எந்திரத்தின் பின்புறம் சென்று, தாளில் அச்சிட்ட கோட்டின்மீது லேசர் ஒளிப்புள்ளியை நடத்திச் செல்வர். கணினி இயக்கும் எந்திரங்களும் இப்போது உள்ளன. அவற்றிலும் துணியைப் பரப்புதல், நூலின் இறுக்கத்தைச் சரிபார்த்தல், கோலத்தின் இடத்தைத் தீர்மானித்தல் ஆகியவை மனிதர் பொறுப்பே.

ஒரு வரிசை முடிந்ததும் தைத்த பகுதியை உருளையில் சுற்றி, அடுத்த பகுதியை முன்னே கொணர வேண்டும். 80 அங்குல நீளமுள்ள போர்வையை முறைக்குப் பத்து அங்குலம் வீதம் தைத்தால், ஏழு முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அடித்துணி சுருங்கியுள்ளதா எனக் குனிந்து பார்க்க வேண்டும். மேலே அழகாகத் தோன்றும் தையல் அடியில் நூற்சிக்கலாக இருக்கக்கூடும். பார்க்காமல் இரண்டு வரிசை கடந்துவிட்டால், பத்து நிமிடத்தில் தைத்ததைப் பிரிக்க ஒரு மாலைப்பொழுது செல்லும்.

தெரியுமா?

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையில் உருவான வண்ண ஓவியத் துணிகள் ஐரோப்பாவில் பெரிதும் விரும்பப்பட்டன. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைத்தாலும் மங்காமல் நின்றமையே அதற்குக் காரணம். இந்தியத் துணிகளின் வரவால் தம் நாட்டு நெசவு நலியும் என்று கருதிய இங்கிலாந்து, 1700, 1721ஆம் ஆண்டுகளில் அவற்றுக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் 1774இல் நீக்கப்பட்டது. விலை மிகுந்த அத்துணியில் இருந்த பூக்களையும் பறவைகளையும் தனித்தனியே கத்தரித்து, வெறுந்துணியில் ஒட்டித் தைத்துப் போர்வை செய்யும் வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்தது.

பிறர் விட்டுச்சென்ற வேலை

கிறித்துமசுக்கு முந்திய வாரங்களே இத்தொழிலில் மிக நெருக்கடியானவை. பரிசாகத் தரவேண்டிய போர்வைகள் குவிந்துவிடுவதால், முன்னதாகவே பதிவை நிறுத்திக்கொள்ளும் கலைஞர்கள் பலர். ஜனவரியில் அவ்வேகம் தணிகிறது. அதன்பின் வருபவை வேறு வகையான போர்வைகள். மே மாதத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கும் பிள்ளைக்காக, அவன் அணிந்த விளையாட்டுச் சட்டைகளை வெட்டி இணைத்த போர்வை ஒன்று வரும். ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் அயோவா மாநிலச் சந்தையில் போட்டிக்கு வைக்க வேண்டிய போர்வை ஒன்று வரும். பிறக்கவிருக்கும் குழந்தைக்கான சிறு போர்வையும் வரும்.

பழைய பெட்டியிலிருந்து எடுத்த முகத்துணியும் இவற்றினிடையே வருவதுண்டு. பாட்டி ஒருவர் துண்டுகளை இணைத்து முடித்து, அடுக்குத் தையல் இடுவதற்கு முன் மறைந்திருப்பார். பல்லாண்டுகள் கழித்துப் பேத்தி அதனைக் கண்டெடுத்துக் கொண்டுவருவார். துணி சில இடங்களில் நைந்திருக்கும். மூலைகள் பொருந்தாமல் இருக்கும். பார்வை மங்கிய காலத்தில் தைத்த பகுதியில் தையல் கோணலாக ஓடியிருக்கும்.

இங்குத் தையற்கலைஞர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கோணலைப் பிரித்து நேராக்கலாம். போர்வை ஒழுங்காக அமையும். ஆனால், அந்தக் கோணல் அம்மூதாட்டியின் கை கடைசியாக நடந்த தடம். அதனை அழிப்பது அவர் எழுதிய மடலைத் திருத்தி எழுதுவது போன்றதாகிவிடும். ஆகவே, பொறுப்புள்ள கலைஞர் முதலில் உரியவரிடம் கேட்டறிவர். கிழியும் நிலையில் உள்ள தையலை மட்டும் வலுப்படுத்துவர். மிகுந்து தளர்ந்த துணியைப் பஞ்சின் உப்பலுக்குள் அடக்கி, கோணலை உறுத்தாமல் அணைத்துச் செல்லும் எளிய கோலம் ஒன்றைத் தேர்வர். தம் திறமையைக் காட்ட வாய்ப்பிருந்தும் அதனை அடக்கிக்கொள்வதே இவ்விடத்தில் திறமை ஆகிறது.

உழைப்பின் விலை

அடுக்குத் தையலுக்குக் கூலியைப் பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் வாங்குகின்றனர். 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வையின் பரப்பு 4800 சதுர அங்குலம். எளிய கோலத்துக்குச் சதுர அங்குலத்துக்கு இரண்டு சென்ட் என்று வைத்துக்கொண்டால், கூலி 96 டாலர் ஆகும். போர்வையை அளந்து எந்திரத்தில் ஏற்றுதல், தைத்தல், இறக்குதல், நூல் முனைகளைக் களைதல், ஓரம் வெட்டுதல் ஆகிய அனைத்துக்கும் ஆறு மணி நேரம் ஆகிறது எனக் கொள்வோம். அப்போது மணிக்கு 16 டாலர் கிடைக்கிறது. நூலின் விலையும் மின்கட்டணமும் எந்திரப் பழுதுச் செலவும் இதிலிருந்தே செல்ல வேண்டும். எந்திரத்தின் விலையோ பல ஆயிரம் டாலர். கணினி இணைந்ததாயின் பல்லாயிரம் டாலர்.

கணக்கில் வராத வேலைகளும் உண்டு. வாடிக்கையாளரோடு அமர்ந்து நூலின் நிறத்தையும் கோலத்தையும் தேர்ந்தெடுக்கும் ஒரு மணி நேரத்தை எவரும் அளப்பதில்லை. நாள்தோறும் நின்று வேலை செய்வதால் வரும் தோள்வலிக்கும் முதுகுவலிக்கும் விலைப்பட்டியலில் இடம் இல்லை. வீட்டில்தானே இருக்கிறீர்கள், ஓய்வாக இருக்கும்போது தைத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களும் இருக்கின்றனர். அதே வேலையைக் கடையில் செய்தால் விலை கேட்டு வாங்கும் உலகம், வீட்டில் செய்தால் உதவியென்று எண்ணிக்கொள்கிறது. எனவே, வேலை நேரத்தை எழுதி வாசலில் ஒட்டுவதும், விலையை முன்னரே எழுத்தில் தருவதும் இத்தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களாகின்றன. தம் உழைப்பை முதலில் தாமே உழைப்பென்று ஏற்பதற்கு அவை துணைபுரிகின்றன.

விரும்பிக் கொடையாகத் தைப்பது இதனின் வேறானது. போரில் பணியாற்றியோருக்குப் போர்வை வழங்கும் அமைப்பு ஒன்று, மகனைப் போர்முனைக்கு அனுப்பிய தாய் ஒருவரால் 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதற்காக முகத்துணியை ஒருவர் செய்ய, நீள்கை எந்திரம் உடையவர் கூலி பெறாமல் தைத்துத் தருகிறார். கொடுப்பதா, விற்பதா என்பதைத் தைப்பவரே முடிவு செய்யும்போது கொடைக்கும் பெருமை, கூலிக்கும் பெருமை.

அற்பமெனக் கருதப்பட்டவை

இவ்வேலையை உலகம் எவ்வாறு பார்த்தது என்பதற்கு இலக்கியம் சான்று தருகிறது. அயோவாவில் பிறந்த சூசன் கிளாஸ்பெல், இளமையில் செய்தியாளராகப் பணியாற்றியபோது, பண்ணைவீடு ஒன்றில் 1900ஆம் ஆண்டு நிகழ்ந்த கொலை வழக்கைப் பற்றி எழுதினார். அதனைக் கருவாகக் கொண்டு அவர் படைத்த ஓரங்க நாடகம் 1916ஆம் ஆண்டு அரங்கேறியது. 'அற்பங்கள்' என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நாடகம், உறையும் குளிரில் ஒரு பண்ணைவீட்டின் அடுக்களையில் நிகழ்கிறது.

கணவனைக் கொன்றதாக ஒரு பெண்மீது ஐயம். ஆடவர் வீடு முழுவதும் சான்று தேடி அலைகின்றனர். உடன்வந்த பெண்கள் இருவர், அவள் பாதியில் விட்ட ஒட்டுவேலையைக் காண்கின்றனர். அவள் இதனை எம்முறையில் தைத்து முடிக்க எண்ணியிருப்பாள் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு ஆடவர் நகைக்கின்றனர். ஆனால், ஒழுங்காக ஓடிய தையல் ஓரிடத்தில் மட்டும் தாறுமாறாகக் குலைந்திருப்பதை அப்பெண்கள் கவனிக்கின்றனர். தனிமையும் கொடுமையும் ஒரு மனத்தை எவ்வளவு கலக்கியிருக்கும் என்பது அத்தையலில் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆடவர் தேடிய விடை, அவர்கள் அற்பமென ஒதுக்கிய துணியில் இருந்தது.

விலையும் பெயரும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதற்கு ஹேரியட் பவர்சின் வாழ்க்கை எடுத்துக்காட்டு. 1837ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின்னர் விவிலியக் காட்சிகளைத் துணி உருவங்களாக வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்தார். ஏதென்சு என்னும் ஊரில் 1886ஆம் ஆண்டு நடந்த பருத்திக் கண்காட்சியில் அதனைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜென்னி சுமித் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, அவரே அதனை விற்க முன்வந்தார். அவர் கேட்டது பத்து டாலர். பெற்றது ஐந்து டாலர். விற்கும்போது ஒவ்வொரு காட்சியின் பொருளையும் அவர் எடுத்துரைத்தார். சுமித் அதனை எழுதி வைத்தார். இன்று அப்போர்வை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது. எழுதி வைக்க ஒருவர் இருந்தமையால் தைத்தவரின் பெயரும் கருத்தும் நிலைபெற்றன.

அந்நல்வாய்ப்பு எல்லார்க்கும் அமையவில்லை. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971ஆம் ஆண்டு ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. கட்டிலில் கிடந்தவை கலைக்கூடத்துக்கு ஏறிய அந்நிகழ்வு பெரும் திருப்பமாயிற்று. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் 1997ஆம் ஆண்டு தொடங்கிய பன்னாட்டு ஒட்டுப்போர்வை அருங்காட்சியகம் இப்போது பல நாட்டுப் போர்வைகளைக் காத்து ஆய்வு செய்கிறது. ஆயினும், இத்தகைய தொகுப்புகளில் உள்ள பழம்போர்வைகள் பலவற்றில் தைத்தவரின் பெயர் இல்லை. ஊரும் ஏறத்தாழக் காலமும் மட்டுமே எஞ்சியுள்ளன.

பெயர் எழுதும் துண்டு

மாலை ஐந்து மணிக்குள் சன்னல் இருண்டுவிடும். தையற்கலைஞர் கடைசி வரிசையை முடித்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, போர்வையை உருளையிலிருந்து இறக்குகிறார். மேசையில் விரித்து, மிகுந்து நிற்கும் பஞ்சையும் அடித்துணியையும் வெட்டுகிறார். ஓரப்பட்டி தைக்கும் வேலையை முகத்துணி செய்தவரே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். பின்னர்க் கணக்கேட்டில் அளவும் நூலின் நிறமும் ஆன நேரமும் பதிவாகின்றன.

இன்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. போர்வையின் பின்புற மூலையில் சிறு வெண்துணித் துண்டு ஒன்றைத் தைப்பது நல்ல வழக்கம். முகத்துணி செய்தவர் பெயர், அடுக்குத் தையல் இட்டவர் பெயர், யாருக்காக, எந்த ஊரில், எந்த ஆண்டு என்பன அதில் இடம்பெறும். போட்டிகளிலும் இருவர் சேர்ந்து செய்த போர்வைகளுக்கென்று தனிப்பிரிவு வைக்கும் வழக்கம் வந்துள்ளது. முன்பு மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். இன்று தனித்தனி வீட்டில் தைப்போரை அச்சிறு துண்டே ஒரிடத்தில் அமரச் செய்கிறது. பெட்டியில் கண்டெடுத்த முகத்துணியாயின், அதில் முதலில் எழுதப்படுவது பாட்டியின் பெயர்.

கணவனோ பிள்ளைகளோ உறங்கும் கட்டிலில் நாள்தோறும் விரிந்து, துவைத்துத் துவைத்து மென்மையாகி, ஒரு நாள் நைந்து போவதே பெரும்பாலான போர்வைகளின் வாழ்வு. அவை அருங்காட்சியகம் செல்வதில்லை. எனினும், குளிர்ந்த இரவில் ஒருவரைக் காக்கும் ஒவ்வொரு போர்வைக்குப் பின்னும் ஒரு கையின் நேரம் இருக்கிறது. அந்நேரத்தை அளந்து கூலி தருவதும், அக்கைக்கு உரியவரின் பெயரை எழுதி வைப்பதும் போர்த்திக்கொள்வோரின் கடமை.

காலையில் அள்ளிய வாசலில் மீண்டும் பனி விழத் தொடங்கியிருக்கும். நாளை வரவிருக்கும் முகத்துணிக்காகப் பாபினில் நூல் சுற்றி வைத்துவிட்டு, நிலத்தடி அறையின் விளக்கை அணைத்து மேலேறுகிறார் தையற்கலைஞர்.